வேலை பிடிக்கவில்லையா, ஆள் பிடிக்கவில்லையா?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்து மாணவி ஒருத்தி கொழும்பில் துணிக்கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். மூன்றே வாரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டன் பஸ் நிலையத்தில் பெரிய பையோடு இறங்கி நின்றவளைத் தற்செயலாகப் பார்த்தேன். "என்னம்மா, லீவா?" என்றேன். "இல்ல சேர், விட்டுட்டு வந்துட்டேன். அந்த வேல எனக்குப் பிடிக்கல" என்றாள்.

எதிர்க்கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். "அந்த வேலையில எது பிடிக்கல?" என்று கேட்டேன். சட்டென்று பதில் வரவில்லை. நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்ததா? கால் வலிக்கும், ஆனால் பழகிவிடும் என்றாள். துணி மடிப்பதா? அது பிடிக்குமாம். சேலையை விரித்துக் காட்டிவிட்டு மறுபடி அதே மடிப்புக்குக் கொண்டுவரும் பக்குவத்தை இரண்டாம் நாளே பிடித்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் கை மேசை மேல் தானாகவே மடித்துக் காட்டியது. வாங்க வருகிறவர்களோடு பேசுவதா? அதுவும் பிடிக்கும். பிறகு என்னதான்?

கொஞ்ச நேரம் கழித்து வந்தது. அங்கே ஒரு மூத்த விற்பனைப் பெண். எதைக் கேட்டாலும் "இதுகூடத் தெரியாதா?" என்பாராம். இவள் பேசுவதைக் கேட்டு "தோட்டத்துப் பேச்சு" என்று மற்றவர்கள் முன்னால் சொல்லிக் காட்டினாராம். பத்தாவது நாளிலிருந்து இவள் எதையுமே கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காததால் பில்லில் பிழை. பிழைக்கு முதலாளியிடம் ஏச்சு. அந்த ஏச்சைக் கேட்டு நின்ற இரவில் முடிவெடுத்துவிட்டாள்: "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது சேர்."

துணியும் மடிப்பும் வாடிக்கையாளர்களும் அவளுக்குப் பிடித்தே இருந்தன. கெட்டுப்போனது ஆட்களுக்கு இடையில் ஓடிய ஒன்று. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கொண்டுவந்த தீர்ப்பு வேலையின் மீதும் தன் மீதும்தான். உயர்தர வகுப்பில் இத்தனை வருடம் பிள்ளைகளோடு இருந்ததில் நான் அடிக்கடி பார்ப்பது இந்த முடிச்சைத்தான். இதை அவிழ்க்கப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும், தம்பி தங்கைக்கு வழி சொல்லும் அண்ணன் அக்காமாருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

ஆட்களுக்கு இடையில் ஓடுவது

பாடப் புத்தகத்தில் ஆளிடைத் தொடர்பு என்று போட்டிருப்பார்கள். பேர்தான் பெரிது. விஷயம் எல்லோரும் தினமும் பார்ப்பது. ஒரே பிள்ளை அம்மாச்சியிடம் ஒரு குரலில் பேசுகிறது, அதிபரிடம் ஒரு குரலில் பேசுகிறது, மைதானத்தில் கூட்டாளிகளோடு வேறொரு குரலில் கத்துகிறது. பிள்ளை ஒன்றுதான். எதிரில் நிற்பது யார், அவருக்கு என்ன அதிகாரம், போன முறை என்ன நடந்தது, பக்கத்தில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்து குரலும் உடம்பும் மாறுகின்றன. அவர் ஒன்று சொல்ல, அதற்கு இவர் ஒன்று செய்ய, அதைப் பார்த்து அவர் இன்னொன்று சொல்ல, இப்படிச் சுழன்றுகொண்டே போகும் ஓட்டத்துக்குத்தான் ஆளிடை இயக்கம் என்று பெயர். துணிக்கடையில் நடந்ததும் அதுதான். ஏளனம், அதனால் மௌனம், மௌனத்தால் பிழை, பிழையால் ஏச்சு.

எங்கள் மலையகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதுப்பாடம் அல்ல. சாயந்திரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கிற ஒரு பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மழை நாள். கூடைகள் வரிசையில். கணக்கப்பிள்ளை கிலோவை வாசித்துவிட்டு "தண்ணிக்கு ரெண்டு கிலோ" என்று கழிக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கும் சித்தியைப் பார்க்கிறார். சித்தி மழைக்குத் தலையில் போட்ட கொங்காணியைச் சரிசெய்துகொண்டு கீழே பார்க்கிறார். மூன்றாவதாக நிற்கும் அக்காவின் கணவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அந்த அக்கா மட்டும் "என்னங்க, இன்னிக்கு மதியத்துக்கு மேல மழையே இல்லயே" என்கிறார். அவருடைய கூடையில் கழிவு ஒரு கிலோவாகக் குறைகிறது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை எல்லாவற்றையும் படித்துவிட்டது. யார் பேசலாம், யார் பேசக்கூடாது, பேசுகிற அக்காவுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது, அம்மாவின் மௌனத்துக்கு என்ன அர்த்தம், எல்லாம் அதற்குத் தெரியும்.

ஆளைப் படிப்பதில் மலையகத்துப் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். இத்தனை பேர் நெருங்கி வாழும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் பேச்சு இந்தப் பக்கம் கேட்கும் இடத்தில் வளர்ந்தவர்கள். சிக்கல் என்னவென்றால், இத்தனையும் படித்துவிட்டு அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: வாயைத் திறக்காமல் இருந்தால் வம்பில்லை. அந்தப் பாடத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் கொழும்புக் கடைக்கும், தொழிற்பயிற்சி நிலையத்துக்கும், பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள். ஆசிரியரின் வேலை, அவர்கள் ஏற்கெனவே பார்ப்பதற்குப் பேர் வைத்துக் கொடுப்பது. பேர் இருந்தால் அதைப் பற்றிப் பேச முடியும். பேச முடிந்தால் வேறு பாடமும் எடுத்துக்கொள்ள முடியும்.

குணமா, நிலைமையா?

முதலில் கொடுக்க வேண்டிய பேர் ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977 இல் இதை அடிப்படைக் காரணப் பிழை என்றார். இன்னொருவர் ஏதாவது செய்தால் அவருடைய குணமே காரணம் என்று சட்டென முடிவு கட்டிவிடுகிறோம். அவர் நின்ற நிலைமையை மறந்துவிடுகிறோம். நான் பிந்தி வந்தால் பஸ் வரவில்லை. நீ பிந்தி வந்தால் நீ சோம்பேறி.

நான் வகுப்பில் செய்வது எளிது. யார் மேலாவது கோபமாக இருக்கிறாயா, சரி, அவர் அப்படி நடந்துகொண்டதற்கு அவர் குணத்தைத் தவிர வேறு மூன்று காரணம் எழுது என்பேன். அந்த மாணவியிடமும் பஸ் நிலையத்தில் இதைத்தான் கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: அந்த அக்காவுக்கு விற்பனையைப் பொறுத்துத்தான் கொமிஷன். இவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவருடைய வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்விடுவார். புதுப் பிள்ளைகள் குறைந்த சம்பளத்துக்கு வருவதால் பழையவர்களுக்கு வேலை போய்விடும் என்ற பயமும் இருந்திருக்கலாம். மூன்றாவதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் மாறியது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏச்சுக்குக் காரணம் விளங்குவது வேறு, ஏச்சைப் பொறுத்துக்கொள்வது வேறு. பிறந்த இடத்தையும் பேச்சையும் வைத்து ஒருவரை இழிவாகப் பேசுவது எந்த நிலைமையிலும் தவறுதான். அதை "நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று பிள்ளையின் தலையில் கட்டுவதற்காக இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தினால், அது மடுவத்தில் கற்ற மௌனத்தையே மறுபடி கற்பிப்பதாகிவிடும். நிலைமையை விளங்கிக்கொள்வதன் பயன் வேறு. "எனக்கு வராது" என்ற தீர்ப்பு அதில் கரைந்துவிடுகிறது. விட்டுவருவதானாலும் சரியான காரணத்தோடு விட்டுவரலாம்.

நான்கு கண்ணாடிச் சாளரம்

இதைத்தான் நான் மிக விரும்பிச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இருவர் 1955 இல் அமைத்த முறை. இருவருடைய முதல் பெயர்களின் துண்டுகளைச் சேர்த்து ஜொஹாரி சாளரம் என்று வைத்தார்கள். ஒரு ஜன்னலில் நான்கு கண்ணாடி. முதல் கண்ணாடியில் இருப்பது எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். இரண்டாவதில் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மூன்றாவது எனக்கு மட்டும் தெரிந்து நான் மறைத்து வைத்திருப்பது. நான்காவது யாருக்குமே இன்னும் தெரியாதது.

வகுப்பில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஐந்து சொல் எழுதுவார்கள். பிறகு அவரைத் தெரிந்த நான்கு பேர் அவரைப் பற்றி ஐந்து ஐந்து சொல் எழுதுவார்கள். முதல் தடவை நல்ல சொற்கள் மட்டும் என்று நான் கட்டாயமாகச் சொல்லிவிடுவேன். பின்வரிசையில் அதிகம் பேசாத ஒரு பையன் இருந்தான். தன்னைப் பற்றி அவன் எழுதியது: மெதுவானவன், பயந்தவன், மறதி, அமைதி, கறுப்பு. கறுப்பு என்பதையும் எழுதியிருந்தான். கூட்டாளிகள் நான்கு பேரும் பொறுமை என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் சொல்லுக்குப் பதில் ஒரு வரியே எழுதிவிட்டான்: "ரெண்டு தரம் கேட்டாலும் கோவப்படாம சொல்லித் தருவான்."

விசாரித்தபோதுதான் தெரிந்தது. சாயந்திரத்தில் அவன் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் லயத்துச் சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் கணக்குப் போட வருவார்களாம். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து உட்கார்ந்தது, அப்படியே கூடிவிட்டது. "அது ஒன்னும் பெரிய விஷயம் இல்ல சேர்" என்றான். அவனுக்கு அது சுலபமாக வந்தது, அதனால் அது ஒரு திறமை என்றே அவன் கண்ணில் படவில்லை. நம் கைக்கு இலகுவாக வருவதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அது இரண்டாவது கண்ணாடியில் கிடக்கிறது, பக்கத்தில் இருப்பவர்தான் எடுத்துக் காட்ட வேண்டும். என்ன வேலைக்குப் போகலாம் என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கும் பிள்ளைக்குப் பாதி விடை கூட்டாளிகளிடம் இருக்கிறது. ஆளிடை உறவையும் தொழில் ஆர்வத்தையும் நான் ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

மூன்றாவது கண்ணாடியில் கவனம் தேவை. தினமும் பிந்தி வரும் ஒரு மாணவி, அம்மா விடியற்காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போனபின் மூன்று தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு வருகிறாள் என்பது எங்கள் யாருக்கும் ஒரு வருடமாகத் தெரியாது. அவளாகச் சொன்ன நாளில் ஆசிரியர்கள் அவளைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஆனால் அதைச் சொல்லச் சொல்லி அவளை வற்புறுத்தும் உரிமை எனக்கு இல்லை. பிள்ளை தானாகத் திறக்கும் வரை அந்தக் கண்ணாடி மூடியே இருக்கட்டும்.

கூட்டு வேலைக்கு இன்னொரு விளக்கமும் உதவும். புரூஸ் டக்மன் 1965 இல் ஒரு குழு நான்கு கட்டமாக வளர்கிறது என்றார்: கூடுதல், மோதல், இணங்குதல், இயங்குதல். 1977 இல் கலைதல் என்ற ஐந்தாவதையும் மேரி ஆன் ஜென்சனோடு சேர்த்து எழுதினார். தமிழ் மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழகிய யாருக்கும் இது புரியும். முதல் இரண்டு நாள் ஒரே சிரிப்பு. நான்காம் நாள் யார் ராஜா, யார் சேவகன் என்று அடிதடி. அந்த நாளில்தான் பிள்ளைகள் "எனக்கு நாடகம் வேணாம் சேர்" என்று விலகுவார்கள். மோதல் என்பது குழு கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, நடுவில் வரும் ஒரு கட்டம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், விலகுகிறவர்கள் குறைகிறார்கள். வேலைக்குப் போன இடத்திலும் இரண்டாம் மூன்றாம் வாரம் இந்தக் கட்டம்தான்.

ஆர்வம் என்பது தேடிக் கண்டெடுப்பதா?

"உனக்கு எதில் ஆர்வம்?" என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்ளும். கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கோ உள்ளே ஒரு ஆர்வம் ஏற்கெனவே முழுசாக உட்கார்ந்திருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்பது போன்ற கேள்வி அது. தமிழில் நமக்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: ஈடுபாடு. ஈடுபடுவதிலிருந்து வருவது. முதலில் ஈடுபட வேண்டும், ஈடுபாடு அதன் பின்னால் வரும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றி ஒரு சுவையான வீடியோவைக் காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்தது. பிறகு அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது மாறாத ஒன்று, கண்டெடுப்பது என்று நம்பியவர்களுக்கு ஆர்வம் சட்டென்று இறங்கிவிட்டது. ஆர்வம் வளர்வது என்று நம்பியவர்களுக்கு அந்த அளவு இறங்கவில்லை. கண்டெடுத்த ஆர்வம் என்றால் கஷ்டமே வரக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம். கஷ்டம் வந்ததும் "அப்போ இது என்னுடையது இல்லை போல" என்று போட்டுவிடுகிறோம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. பெற்றோரிடம் பிள்ளை என்னவாக வேண்டும் என்று கேட்டால் அநேகமாக வரும் பதில்: "எங்கள மாதிரி கூடை தூக்காம இருந்தா போதும்." அந்த வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வருட வலி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் அதே வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அது எதிலிருந்து ஓட வேண்டும் என்று சொல்கிறது, எதை நோக்கி என்று சொல்வதில்லை. பிள்ளை தெரிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அருகில் நின்று பார்த்த வேலைகள் எத்தனை? ஆசிரியர், கணக்கப்பிள்ளை, சாரதி, கடை முதலாளி, மருத்துவமனைத் தாதி. தலவாக்கலைப் பக்கம் 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை இருக்கிறது, 2012 இல் இயங்கத் தொடங்கியது. பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு அணை தெரியும், அதற்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது தெரியாது. கலை, வர்த்தகம் தவிர வேறு பிரிவே இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளையிடம் உன் ஆர்வத்தைத் தேடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

ஒரு கைபேசிக் கடையில் வளர்ந்த ஈடுபாடு

ஆர்வம் வளர்வதை சூசன் ஹிடி, ஆன் ரெனின்ஜர் என்ற இருவர் 2006 இல் நான்கு கட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து ஏதோ ஒன்று தூண்டுகிறது. பிறகு சூழல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. பிறகு ஆளுக்குள் சொந்தமாகக் கேள்விகள் முளைக்கின்றன. கடைசியில் அது அவருடைய ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. கேட்க வறட்சியாக இருக்கும். என் பழைய மாணவன் ஒருவன் கதையில் வைத்துப் பார்த்தால் உயிர் வரும்.

சாதாரண தரத்தில் கணிதம் தவறியவன். ஹட்டனில் கைபேசி திருத்தும் சிறிய கடை ஒன்றில், கண்ணாடி துடைக்கவும் தேத்தண்ணி வாங்கவும் சேர்ந்தான். எந்த ஆர்வமும் இல்லை, வீட்டுக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் தண்ணீரில் விழுந்த கைபேசியை முதலாளி திறந்து காட்டினார். உள்ளே இத்தனை சின்ன ஊரா என்று இருந்ததாம் அவனுக்கு. அது தூண்டல். அத்தோடு நின்றிருந்தால் அதுவும் மறந்துபோயிருக்கும். ஆனால் முதலாளி, இனித் தேறாது என்று ஒதுக்கிய கைபேசிச் சுற்றுப் பலகைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவனிடம் கொடுத்தார். "இதுல பழகு. இது கெட்டா ஒன்னும் ஆகாது, ஏற்கெனவே கெட்டதுதான்." மூன்று மாதம் அந்த டின்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம். ஈயம் உருகி மணியாக நிற்பதும், கை கொஞ்சம் நடுங்கினாலும் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொள்வதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பிரித்தெடுப்பதுமாக. ஒரு மாலை அவனாகவே போய் "அண்ணே, சார்ஜ் ஏறுது, ஆனா நிக்க மாட்டேங்குது, ஏன்?" என்று கேட்டிருக்கிறான். பதில் முதலாளிக்கும் முழுதாகத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடினார்கள். மூன்றாவது கட்டம் அங்கே தொடங்கியது. இப்போது அவன் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் படிக்கிறான். அந்தத் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கணிதத்தில் தவறியவன் இன்று மின்தடைக் கணக்குகளைத் தானாகப் போட்டுப் பார்க்கிறான்.

துணிக்கடைக்குப் போன மாணவியையும் இவனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளுக்குத் தொடக்கத்திலேயே விருப்பம் இருந்தது, இவனுக்கு இல்லை. அவளுடையது வாடியது, இவனுடையது வளர்ந்தது. பிஸ்கட் டின்தான் வித்தியாசம் என்பேன். பிழை விட்டால் பரவாயில்லை, கேள்வி கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற இடம். ஏமி எட்மண்ட்சன் 1999 இல் வேலைக் குழுக்களை ஆராய்ந்து இதை உளப் பாதுகாப்பு என்ற பேரில் விளக்கினார். அது இருக்கும் குழுவில் ஆட்கள் கேட்கிறார்கள், பிழையை ஒளிக்காமல் சொல்கிறார்கள், அதனால் கற்கிறார்கள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் பல வருடம் ஆராய்ந்து சொன்னது, மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று தேவை என்பது. நானாகத் தெரிவு செய்கிறேன் என்ற உணர்வு, எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, இவர்கள் என் ஆட்கள் என்ற உணர்வு. அந்தச் சின்னக் கடையில் மூன்றும் இருந்தன. 1971 இல் டெசி செய்த ஒரு பரிசோதனையில், புதிர்க் கட்டைகளைப் பொருத்துவதற்குப் பணம் கொடுக்கப்பட்ட மாணவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தக் கட்டைகளைத் தொடுவது குறைந்தது. இதைச் சிலர் பணம் முக்கியமில்லை என்று திருப்பிச் சொல்வார்கள். மாதக் கடைசியில் கடைக் கணக்கு நிற்கும் வீட்டில் போய் அப்படிச் சொல்லாதீர்கள். சம்பளம் நியாயமாக இருக்க வேண்டும், அது முதல் நிபந்தனை. சம்பளத்தால் மட்டும் ஈடுபாடு வராது என்பதுதான் இதில் உள்ள செய்தி.

பிடித்த வேலை கிடைக்காமலே போனால் என்ன செய்வது என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001 இல் எழுதியதில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒரே வேலைதான். சிலர் துடைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளியோடு இரண்டு வார்த்தை பேசி, அவர்கள் குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று கருதி, வேலையின் எல்லையையே கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்த பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைப்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. அவரோ எந்தப் பிள்ளை எந்தத் தாலாட்டுக்குத் தூங்கும் என்று மனதில் வைத்திருந்தார். மதியம் பால் கொடுக்க ஓடிவரும் தாயிடம் "இன்னிக்கு உம் பிள்ள சுவரப் பிடிச்சு எந்திருச்சிருச்சு" என்று சொல்லி அனுப்புவார். அந்தத் தாய் மறுபடி மலைக்கு ஏறுகிற நடையே வேறாக இருக்கும்.

ஒரு கொப்பியில் இரண்டு பக்கம்

சரி, பிள்ளைகளோடு எங்கிருந்து தொடங்கலாம்? நான் ஒரு பழைய கொப்பியில் தொடங்குகிறேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் "கை", வலது பக்கம் "ஆள்". பகுதிநேர வேலைக்குப் போகிற பிள்ளை, பாடசாலைக் குழுவில் இருக்கிற பிள்ளை, வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸ் போடுகிற பிள்ளை, யாராக இருந்தாலும் இரண்டு வாரம் தினமும் இரண்டு வரி. கைப் பக்கத்தில் இன்று என் கை என்ன செய்தது, அதில் எந்த நேரம் போனதே தெரியவில்லை, எது இழுத்தது. ஆள் பக்கத்தில் யாரோடு செய்தேன், யார் என்ன சொன்னார், நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது என்ன.

கடைசிக் கேள்விதான் மிகவும் பயன்படுகிறது. கேட்காமல் விட்டவற்றைத் திரும்ப வாசிக்கும்போது பிள்ளைக்கே தெரிகிறது, எங்கே வாய் மூடிக்கொண்டது, யார் முன்னால். அப்புறம் நாங்கள் வகுப்பில் அதையே நடித்துப் பார்ப்போம். ஒருவர் மூத்தவராக நிற்பார், ஒருவர் கேட்பார். "அக்கா, ஒரு நிமிஷம் கிடைக்கும்போது சொல்லுங்க, இந்த பில் எப்படி அடிக்கிறதுன்னு காட்டித் தர்றீங்களா" என்று மரியாதை குறையாமல், ஆனால் குரல் தாழாமல் கேட்கப் பழகுவது. நான்கைந்து தரம் வாயால் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான் தேவைப்படும் நேரத்தில் வருகிறது.

இரண்டு வாரம் முடிந்ததும் கைப் பக்கத்தை மட்டும் தனியாக வாசிப்போம், பிறகு ஆள் பக்கத்தை. கைப் பக்கம் முழுக்க நன்றாக இருந்து ஆள் பக்கம் மட்டும் கசந்தால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் இடம், தொழில் அல்ல. ஆள் பக்கம் இனிக்க இனிக்க இருந்தும் கைப் பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லையென்றால், கூட்டாளிகளுக்காகத்தான் அங்கே இருக்கிறோமா என்று யோசிக்கலாம். இரண்டு வாரம் போதாமலும் போகலாம், அப்போது இன்னும் இரண்டு வாரம்.

பஸ் நிலையத்தில் சந்தித்த மாணவி இப்போது ஊரிலேயே ஒரு தையல் கடையில் இருக்கிறாள். கொப்பியை நான் கேட்கவில்லை, அவளாகக் கொண்டுவந்து காட்டினாள். போன மாதம் ஒரு நாளின் ஆள் பக்கத்தில் எழுதியிருந்தது: "இன்னிக்கு சட்டைக்கு அளவு எடுக்க விட்டாங்க. தோள் அளவு பிழையா சொல்லிட்டேன். அக்கா டேப்ப மறுபடி என் கையில தந்து, எங்க இருந்து பிடிக்கணும்னு விரல வச்சுக் காட்டினாங்க. நாளைக்கு கை அளவு எப்படின்னு கேக்கணும்."